ஏஐக்கு ஒரு ஃபோல்டர் போதும்

2026 ஜனவரியில 'உலகம் உங்கள் கையில்' திட்டத்துல காலேஜ் பசங்களுக்கு அரசு லேப்டாப் வர ஆரம்பிச்சதுல இருந்து நம்ம பக்கம் ஒரே பட்டிமன்றம்தான். 8 ஜிபி ராம் பத்துமா? டெல் தேவலையா, ஏசர் தேவலையா? கூட வந்த பெர்ப்ளெக்சிட்டி ஆறு மாச சந்தாவை வெச்சு அசைன்மென்ட் எழுதினா அது திருட்டா, திறமையா? கேன்டீன்ல இந்த மூணைத் தவிர வேற பேச்சே இல்லை.

ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேக்கலை. ஒரே பெட்டிக்குள்ள விண்டோஸ் 11, பாஸ் லினக்ஸ், ஒரு ஏஐ உதவியாளர்னு மூணையும் போட்டுக் கையில கொடுத்தாங்களே, அந்த டிஸ்க்ல எதை ஏஐ படிக்கலாம், எதைத் தொடக்கூடாதுன்னு யார் முடிவு பண்றது?

"பெர்ப்ளெக்சிட்டி நெட்ல தேடித்தானே பதில் சொல்லுது, நாமளா ஃபைலை ஏத்தினாத்தானே படிக்கும்?" அப்படின்னு ஒருத்தர் கேக்கப் போறீங்க. சரிதான். ஆனா கதை அதோட நிக்கலையே. டிஸ்க்ல நேரா கை வைக்கற உதவியாளர்கள் இப்ப வரிசை கட்டி நிக்குது. ஆந்த்ரோபிக் கம்பெனி 2024 நவம்பர்ல எம்சிபின்னு ஒரு பொது நெறிமுறையை வெளியிட்டுச்சு. ஏஐ ஒண்ணு வெளியில இருக்கற ஃபைல், டேட்டாபேஸ், மென்பொருள் இதுங்களோட எப்படிப் பேசணும்கறதுக்கான பொது மொழி அது. அடுத்த வருஷமே மத்த பெரிய கம்பெனிகளும் அதை ஏத்துக்கிட்டாங்க. கூகுளோட ஜெமினி சிஎல்ஐ மாதிரி சமாச்சாரங்களை ஒரு ஃபோல்டர்ல வெச்சு ஓட்டினா, அது அந்த ஃபோல்டரைப் படிக்கும், எழுதும், அழிக்கும். செகண்ட் இயர் பசங்களே ப்ராஜெக்ட்டுக்கு இதையெல்லாம் போட்டு ஓட்டறாங்க.

அதனால ஏஐக்கு ஃபைல் கொடுக்கலாமா வேண்டாமாங்கற விவாதமே இப்ப வேஸ்ட். கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம். கொடுக்கற லட்சணம்தான் சரியில்லை. என் கட்சியைச் சுருக்கமா சொல்லிடறேன். பூட்டு ஓஎஸ்ஸோடதா இருக்கணும், ஏஐ கம்பெனியோட வாக்குறுதியை நம்பிக் கதவைத் திறக்கக்கூடாது. அதே சமயம் அந்தப் பூட்டு டக்குன்னு திறக்கணும். முக்கி முனகித் திறந்தா நம்மாளுங்க கதவையே கழட்டி ஓரமா சாத்தி வெச்சுடுவாங்க.

இப்ப எப்படிக் கொடுக்கறோம்னு கொஞ்சம் பாருங்க. முதல் வழி, ஒவ்வொரு ஃபைலா அப்லோட். 40 பிடிஎஃப் இருந்தா 40 தடவை. நம்ம ஊரு நெட் வேகத்துல பாதியில நிக்கும். வெறுத்துப் போய் ரெண்டாவது வழி: எல்லாத்தையும் ஜிப் பண்ணி மொத்தமா ஏத்தறது. உள்ள என்ன இருக்குன்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. மூணாவது, 'ஃபுல் ஆக்சஸ் வேணும், அலவ்?'னு அது கேக்கும். அலவ். முடிஞ்சுது. பொழுதுக்கும் அந்தப் பொட்டியை மூடறதே வேலையாப் போனா மனுஷன் ஒரு நாளைக்கு 'எப்போதும் அனுமதி'யை அழுத்தத்தான் செய்வான். அவனைத் திட்டறதுல அர்த்தம் இல்லைங்க. முறையான வழி ஆமை வேகத்துல இருக்கற இடத்துல எல்லாம் திருட்டு வழிதான் ரோடாகும். பாதுகாப்புப் பத்திப் பேசற பெரியவங்க வேகத்தை ஆடம்பரம்னு நினைக்கறாங்க. வேகம் இல்லாததே ஒரு ஓட்டைங்கறது என் வாதம்.

"நம்மகிட்ட என்னப்பா ரகசியம் இருக்கு?" இதுதான் அதிகமா வர்ற பதில். ஹிஹி... உங்க கிளாஸ் ரெப்போட டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்து பாத்திருக்கீங்களா? ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கறப்ப எல்லாரும் வாட்ஸப்ல என்னென்ன அனுப்பினீங்க? சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம், சில பேர் அப்பாவோட இறப்புச் சான்றிதழ். அறுபது பேரோட வாழ்க்கை ஒருத்தன் லேப்டாப்ல, 'ஸ்காலர்ஷிப் ஃபைனல் புதுசு 2'ங்கற ஃபோல்டர்ல கிடக்குது. அந்த ரெப் நல்ல பையன். அவன் ஒரு நாள் ராத்திரி ஏஐகிட்ட, "டவுன்லோட்ஸ்ல குப்பையா இருக்கு, சுத்தம் பண்ணிக் கொடு"ன்னு சொல்றான். அந்தச் சாதிச் சான்றிதழைக் காட்ட அவன் யாரு? சம்மதம் கொடுக்க வேண்டியவன் அங்க இல்லவே இல்லையே.

இது காலேஜோட முடியற விஷயமும் இல்லை. நாமக்கல்ல ஏதாவது ஒரு லாரி ஆபீஸை மனசுல நினைச்சுப் பாருங்க. ஒரு பழைய விண்டோஸ் டெஸ்க்டாப், அதுல டாலி. ஓனர் கையில ஆண்ட்ராய்டு போன். ஓனர் பையன் கையில அரசு லேப்டாப். நெட்வொர்க்ல ஒரு பொது ஃபோல்டர், அதுக்குள்ள ஒவ்வொரு வண்டிக்கும் ஆர்சி, எஃப்சி, இன்சூரன்ஸ், நேஷனல் பர்மிட், ட்ரிப் ஷீட், டிரைவர் லைசென்ஸ் நகல். திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர் ஆபீஸானாலும், ராசிபுரம் பக்கம் கோழிப்பண்ணை ஆபீஸானாலும் அமைப்பு கிட்டத்தட்ட இதேதான், பேப்பர்தான் வேற.

இந்த ஆபீஸ்ல ஏஐக்கு வேலை இல்லைன்னு நான் சொல்லவே மாட்டேன். "அடுத்த மாசம் எந்தெந்த வண்டிக்கு எஃப்சி முடியுது?" இந்த ஒரு கேள்விக்கு ஒழுங்கா பதில் வந்தாலே ஒரு வண்டி செக்போஸ்ட்ல நிக்கறது மிச்சமாகும். வண்டி நின்னா லோடு நிக்கும், டிரைவர் படி நிக்கும், டியூ மட்டும் நிக்காது. இந்தக் கேள்விக்கு ஏஐக்கு என்ன வேணும்? எஃப்சி இருக்கற ஃபோல்டரைப் படிக்க அனுமதி. படிக்க மட்டும். எழுத வேண்டாம், அழிக்க வேண்டாம், பக்கத்து ஃபோல்டரை எட்டிப் பாக்க வேண்டாம்.

ஆனா நடைமுறையில அந்தப் பொது ஃபோல்டருக்கு 'எவரிஒன், ஃபுல் கன்ட்ரோல்'னு போட்டிருப்பாங்க. ஏன்னா அன்னிக்கு ஸ்கேனர் மாட்ட வந்த பையனுக்கு பாஸ்வேர்டு போட்டா ஸ்கேன் வரலை. அந்தப் பழைய ஸ்கேனருக்கு எஸ்எம்பி 1ங்கற அரதப்பழசு நெறிமுறை மட்டும்தான் தெரியும். அதனால அதையும் தேடிப் பிடிச்சு ஆன் பண்ணிட்டுப் போயிருப்பான். 2017 மே 12ஆம் தேதி உலகத்தையே கலக்கின வான்னாக்ரை புகுந்தது இந்த எஸ்எம்பி 1 ஓட்டை வழியாத்தான். மைக்ரோசாஃப்ட் அந்த வருஷம் மார்ச்லயே அதுக்குத் திருத்தம் வெளியிட்டாச்சு, போடாதவங்க மாட்டினாங்க. அந்த வருஷக் கடைசியில வந்த விண்டோஸ் 10 பதிப்புல இருந்து எஸ்எம்பி 1 தானா நிறுவப்படறதே இல்லை. நம்ம ஆபீஸ்கள்ல மட்டும் ஸ்கேனர் புண்ணியத்துல அது இன்னமும் உயிரோட இருக்கு. இப்படித் திறந்து கிடக்கற வீட்டுக்குள்ளதான் புதுசா ஒரு ஏஐயையும் கூட்டிட்டு வர்றோம்.

சரி, நம்ம லேப்டாப்புக்கே வருவோம். ரெண்டு ஓஎஸ் ஒரே டிஸ்க்ல இருக்கறதுல ஒரு விஷயம் நிறைய பேருக்குத் தெரியாது. விண்டோஸ்ல நீங்க போடற பாஸ்வேர்டு, 'இந்த ஃபோல்டர் எனக்கு மட்டும்'னு வைக்கற தடை, இதெல்லாம் விண்டோஸ் முழிச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும்தான் காவல். பாஸ் லினக்ஸ்ல பூட் பண்ணினா விண்டோஸ் தூங்கப் போயிடுச்சு. டிஸ்க் என்க்ரிப்ஷன் ஓடலேன்னா, லினக்ஸ் அந்த என்டிஎஃப்எஸ் பகுதியை மவுன்ட் பண்ணி, வழக்கமான அமைப்புல உள்ள இருக்கற எல்லா ஃபைலையும் உங்க பேர்லயே காட்டும். விண்டோஸ் பக்கம் எழுதி வெச்ச தடை எதையும் அது சட்டை பண்ணாது. லினக்ஸ்ல ஓடற ஏஐ உங்க பேர்ல ஓடுது. அப்ப உங்க அக்கா அந்த லேப்டாப்ல தனி லாகின் போட்டு வெச்சிருந்த டிஎன்பிஎஸ்சி விண்ணப்பமும் அதுக்குத் தெரியும். விண்டோஸ் பக்கம் இருந்து பாத்தா எல்லாம் பூட்டின மாதிரியே இருக்கும், அதான் கொடுமை.

இன்னொரு கூத்து. விண்டோஸ்ல 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'னு ஒண்ணு இருக்கு. ஷட்டவுன் கொடுத்தாலும் அது முழுசா மூடாம பாதித் தூக்கத்துல போயிடும். அந்த நிலையில லினக்ஸ் அந்த டிஸ்க்கை எழுத விடாது, படிக்க மட்டும் விடும். அது சரியான முடிவு, ரெண்டு பேரும் ஒரே நேரத்துல எழுதினா டிஸ்க் நாறிடும். ஆனா நம்மாளுக்கு அவசரம். "ஏன் சேவ் ஆகலை?"ன்னு எங்கயாவது கேட்டு, தூக்க நிலையைச் சேமிச்சு வெச்ச ஃபைலை அழிக்கற கட்டளையை வாங்கி ஓட்டிடுவான். விண்டோஸ் சேமிச்சு வெச்ச அந்த நிலை மொத்தமும் கோவிந்தா. நாளைக்கு அதே கட்டளையை ஒரு ஏஐ, தானா, உங்க பேர்ல, ராத்திரி ரெண்டு மணிக்கு ஓட்டினா?

கற்பனை இல்லைங்க. 2025 ஜூலைல ஜெமினி சிஎல்ஐ வெச்சு ஒருத்தர் விண்டோஸ்ல சோதனை பண்ணிக்கிட்டு இருந்தார். ஒரு ஃபோல்டர்ல இருந்த ஃபைல்களைப் புது ஃபோல்டருக்கு மாத்தச் சொன்னார். புது ஃபோல்டரை உருவாக்கற கட்டளை வேலை செய்யலை. வேலை செஞ்சுட்டதா அது நினைச்சுக்கிச்சு. அப்புறம் ஃபைல் ஃபைலா அங்க நகர்த்த ஆரம்பிச்சுது. இல்லாத ஃபோல்டருக்கு ஒரு ஃபைலை நகர்த்தினா, அந்த ஃபோல்டர் பேரு ஃபைலோட பேரா ஆயிடும். ரெண்டாவது ஃபைல் வந்து முதல் ஃபைல் மேல உக்காரும், மூணாவது ரெண்டாவது மேல. கடைசியில மிஞ்சினது ஒண்ணே ஒண்ணு. அவர் எழுதின அலசல் அதுதான். அதே மாசம் ரெப்ளிட் கம்பெனியோட ஏஐ, எதையும் மாத்தாதேன்னு சொல்லியிருந்த நேரத்துல ஒரு வாடிக்கையாளரோட நிஜ டேட்டாபேஸையே அழிச்சுது. இதுல எங்கயும் ஹேக்கர் இல்லை, வைரஸ் இல்லை. ரெண்டு உதவியாளருக்கும் அழிக்கற அதிகாரம் கையில இருந்துச்சு, அவ்வளவுதான்.

தமிழ்ல ஃபைல் பேரு வைக்கறவங்களுக்கு இன்னொரு தலைவலி, இதைப் பத்தி இங்கிலீஷ்காரன் யோசிக்கவே மாட்டான். 'கோழிப்பண்ணை'ன்னு ஒரு ஃபைல் வைக்கறீங்க. யூனிகோட்ல அந்த 'கோ'வை ரெண்டு விதமா எழுதலாம். 'க'வோட ஓகாரக் குறியை ஒரே எழுத்தா சேக்கலாம், இல்லேன்னா ஏகாரக் கொம்பு தனியா, கால் தனியா ரெண்டாவும் சேக்கலாம். நம்ம கண்ணுக்கு ரெண்டும் ஒண்ணு. லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அது ரெண்டு வேற வேற பேரு, ஒரே ஃபோல்டர்ல ரெண்டும் உக்காந்திருக்கும். ஆப்பிளோட இப்போதைய ஃபைல் அமைப்பு ரெண்டையும் ஒண்ணாவே எடுத்துக்கும். அங்க கொண்டுபோய்க் கொட்டினா ஒண்ணு இன்னொண்ணை முழுங்கலாம். அதே மாதிரி இங்கிலீஷ்ல பெரிய எழுத்து, சின்ன எழுத்து: விண்டோஸுக்கு வழக்கமா ஒண்ணுதான், லினக்ஸுக்கு வேற வேற. 'இந்தப் பேர் இருந்தா தொடாதே'ன்னு ஒரு ஏஐ கருவிக்குப் பட்டியல் கொடுத்தா அந்தப் பட்டியல் எந்த 'கோ'வைப் பாக்கும்?

பழைய பாமினி, வானவில் எழுத்துருல தட்டின ஃபைல்கள் தனிக்கதை. 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் தரமா அறிவிச்சுது. ஆனா நம்ம ஊரு டிடிபி சென்டர்களும் பத்திரம் எழுதற இடங்களும் பல வருஷம் பழசையே ஓட்டினாங்க. அந்த ஃபைலை ஏஐ திறந்தா உள்ள இருக்கறது வெறும் இங்கிலீஷ் எழுத்துக் கூளம். எழுத்துரு தெரியாம படிச்சுட்டு, படிச்ச மாதிரியே ஒரு பதில் சொல்லிடுமோன்னுதான் பயம். ஒரு சொத்துப் பத்திரத்துல அது நடந்தா என்ன ஆகும்னு சேலம் கோர்ட் வாசல்ல நிக்கறவங்களைக் கேளுங்க.

பேரை வெச்சுக் காவல் போடறது எவ்வளவு கேவலமா உடையும்கறதுக்கு அருமையான உதாரணம் 2025லயே கிடைச்சுது. எம்சிபிக்கு மாதிரியா கொடுத்திருந்த ஃபைல் சர்வர் ஒண்ணு இருக்கு. 'இந்த ஃபோல்டர் மட்டும்'னு சொல்லி விட்டா அதைத் தாண்டாதுங்கறதுதான் அதோட வேலையே. அது எப்படிச் சோதிச்சுது தெரியுமா? கேக்கற பாதை, அனுமதிச்ச பாதையோட எழுத்துல தொடங்குதான்னு பாத்துச்சு. அதாவது 'நாமக்கல்' ஃபோல்டருக்கு அனுமதி கொடுத்தா, பக்கத்துல இருக்கற 'நாமக்கல் கறுப்புக் கணக்கு' ஃபோல்டரும் 'நாமக்கல்'னுதானே தொடங்குது... வாங்க வாங்க, உள்ள வாங்க! :-) குறுக்குவழி இணைப்பு வெச்சு வெளியே போற இன்னொரு ஓட்டையும் சேந்து கண்டுபிடிச்சாங்க. கண்டுபிடிச்சவங்க சொன்னதும் திருத்திட்டாங்க, அது வேற விஷயம். நெறிமுறையையே உருவாக்கின இடத்துல இந்தக் கதைன்னா, நெட்ல எவனோ எழுதிப் போட்ட கருவியை எந்த நம்பிக்கையில ஓட்டறது?

இங்கதான் என் கட்சிக்கு ஆதாரமே. எம்சிபி மாதிரி நெறிமுறை ஒரு மொழி. நல்ல மொழிதான், நாலு ஓஎஸ்லயும் ஒரே மாதிரி பேச விடுது. ஆனா மொழி பூட்டு ஆகாது. பூட்டு ஓஎஸ்கிட்ட ஏற்கெனவே இருக்கு. லினக்ஸ் கர்னல்ல 2021ல வந்த 5.13 பதிப்புல இருந்து லேண்ட்லாக்னு ஒரு வசதி. ஒரு நிரல் தனக்குத்தானே 'நான் இந்த ஃபோல்டரைத் தாண்ட மாட்டேன்'னு விலங்கு போட்டுக்கலாம், அப்புறம் அதுவே நினைச்சாலும் கழட்ட முடியாது. விண்டோஸ்ல ஆப்கன்டெய்னர் 2012ல விண்டோஸ் 8 காலத்துலயே வந்தாச்சு. ஆப்பிள்லயும் சாண்ட்பாக்ஸ் இருக்கு. ஆண்ட்ராய்டுல இன்னும் தெளிவு: 2013ல 4.4 பதிப்புல இருந்தே, ஃபைலையோ ஃபோல்டரையோ பயனர் கையால தேர்ந்தெடுத்துக் கொடுக்கற முறை வளர ஆரம்பிச்சுது. ஆண்ட்ராய்டு 10, 11ல அதை இறுக்கிப் பிடிச்சாங்க. கேக்கற ஆப்புக்கெல்லாம் மொத்த ஸ்டோரேஜையும் திறந்து விட்ட காலம் போச்சு. பத்தாயிரம் ரூபா போன்ல சாத்தியமானது, அரசுப் பணத்துல டெண்டர் விட்டு வாங்கின லேப்டாப்ல ஏன் வழக்கத்துல இல்லை? பூட்டு நாலு வீட்டுலயும் இருக்கு, நாலுக்கும் ஒரே மாதிரி சாவி செஞ்சு கொடுக்கத்தான் ஆள் இல்லை.

எதிர்க்கட்சி ரெண்டு விதம். ஒண்ணு, "எதுக்கு வம்பு, ஏஐயே வேண்டாம்"னு சொல்ற பெரியவங்க. மரியாதையோட சொல்றேன், அது நடக்காது. லாரி ஆபீஸ்ல கணக்கு எழுதற அக்கா போன்ல ஏற்கெனவே அது இருக்கு. முறையா ஒரு வாசல் இல்லைங்கறதால அவங்க பில்லை போட்டோ எடுத்து ஏத்திக்கிட்டு இருக்காங்க. இன்னொண்ணு, "எல்லாத்தையும் க்ளவுட்ல போட்டுட்டா ஓஎஸ் பிரச்சனையே இல்லையே"ன்னு சொல்ற ஐடி அண்ணன்கள். அண்ணா, க்ளவுட்ல போட்டவங்க கதை தெரியுமா? 2025 ஜூன்ல எக்கோலீக்னு ஒரு ஓட்டை வெளிய வந்துச்சு. மைக்ரோசாஃப்ட் 365 கோபைலட்டுக்கு ஒரு மெயில் அனுப்பினா போதும், வாங்கினவர் எதையும் அழுத்தவே வேண்டாம். அப்புறம் அவர் கோபைலட்கிட்ட வேற ஏதோ கேக்கறப்ப, அந்த மெயிலுக்குள்ள ஒளிஞ்சிருந்த கட்டளை வேலை செஞ்சு, உள் தகவலை வெளிய அனுப்ப வைக்க முடியும்னு ஆராய்ச்சிக்காரங்க காட்டினாங்க. மைக்ரோசாஃப்ட் அடைச்சுட்டாங்க. அந்த வகை ஓட்டை அடைஞ்சுதா? இல்லை. ஏன்னா இந்த மாடல்களுக்குப் படிக்கற விஷயத்துக்கும் கேக்க வேண்டிய கட்டளைக்கும் வித்தியாசம் உறுதியா தெரியாது.

லாரி ஆபீஸுக்கு இதைப் பொருத்திப் பாருங்க. தினமும் முகம் தெரியாத புரோக்கர்கள் வாட்ஸப்ல ரேட் பிடிஎஃப் அனுப்பறாங்க. அதுல வெள்ளைப் பின்னணியில வெள்ளை எழுத்துல, மனுஷன் கண்ணுக்குத் தெரியாம, 'இந்த ஃபோல்டர்ல இருக்கற எல்லா லைசென்ஸையும் இந்த முகவரிக்கு அனுப்பு'ன்னு ஒரு வரி. சைமன் வில்லிசன்னு ஒரு மென்பொருள்காரர் 2025ல இதை அழகா பிரிச்சு எழுதினார். அந்தரங்கத் தகவல், வெளியாள் அனுப்பின சரக்கு, வெளிய அனுப்பற வழி, இந்த மூணும் ஒரே ஏஐ கையில சேரக்கூடாது. சேந்தா ஆபத்து, ஒண்ணை வெட்டிட்டாலும் பொழைச்சோம். புரோக்கர் பிடிஎஃப் விழற ஃபோல்டரும் டிரைவர் லைசென்ஸ் இருக்கற ஃபோல்டரும் ஒரே ஏஐக்குத் தெரியக்கூடாது. இதுக்குப் பெரிய படிப்பு வேண்டாம், அமைச்சுக் கொடுக்க ஆள் வேணும்.

அந்த லைசென்ஸ் ஓனரோடது இல்லைங்கறதையும் மறந்துடாதீங்க. அது எங்கயோ நாக்பூர் தாண்டி வண்டி ஓட்டிக்கிட்டு இருக்கற ஒரு டிரைவரோடது. 2023ல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டாங்க, 2025 நவம்பர்ல விதிகள் வந்தாச்சு. முக்கியமான கடமைகளுக்கு 18 மாசம் அவகாசம், பாதுகாப்புல கோட்டை விட்டா அபராதம் 250 கோடி ரூபா வரைக்கும் போகலாம். நாமக்கல் லாரி ஆபீஸ்ல போய் யாரும் 250 கோடி கேக்கப் போறது இல்லைதான். ஆனா அந்த டிரைவர் பேர்ல எவனோ லோன் வாங்கினா, அவர் எந்த ஆபீஸ் வாசல்ல போய் நிப்பார்?

வேகத்துக்கு வர்றேன், ஏன்னா இதைச் சொல்லாம பாதுகாப்பை மட்டும் பேசினா நானும் அந்தப் பெரியவங்க லிஸ்ட்ல சேந்துடுவேன். ஏஐ மெதுவா இருக்கறதுக்குப் பாதிக் காரணம், ஃபைலை எல்லை தாண்டி இழுக்கறதுதான். விண்டோஸுக்குள்ளயே லினக்ஸ் ஓட்டற டபிள்யூஎஸ்எல் 2ல, லினக்ஸ் பக்கம் இருந்து விண்டோஸ் டிஸ்க்கைத் தொட்டா ஒவ்வொரு ஃபைலுக்கும் நடுவுல ஒரு தரகர் வேலை. சின்னச் சின்ன ஃபைல் ஆயிரம் இருந்தா தூங்கிடும். எந்தக் கருவியில வேலை செய்யறீங்களோ அந்தப் பக்கத்து டிஸ்க்லயே ஃபைலை வைங்கன்னு மைக்ரோசாஃப்டே ஆவணத்துல எழுதி வெச்சிருக்கு. ரெண்டு ஓஎஸ்ஸுக்கும் நடுவுல ஃபைலைத் தூக்கிக்கிட்டு ஓடறதை விட, ஃபைல் இருக்கற இடத்துலயே ஒரு அட்டவணையைத் தயார் பண்ணி, கேள்வியை மட்டும் அங்க அனுப்பினா போதும். 'வண்டி எண், எஃப்சி முடியற தேதி'ன்னு ரெண்டு பத்தி பதில் வரும். ஸ்கேன் பண்ணின ஃபைல் எதுவும் அந்த மெஷினை விட்டு நகராது. டாலியில இது புதுசே இல்லை. 9000ங்கற போர்ட்ல எக்ஸ்எம்எல்ல கேட்டா கணக்கைத் தர்ற வசதி பல வருஷமா இருக்கு. (அந்தப் போர்ட்டை நெட்வொர்க் முழுக்கத் திறந்து போட்டுடாதீங்க சாமி, அது தனி சோகம்.) கொஞ்சமா கேட்டா சீக்கிரம் வரும், கசியறதும் கொஞ்சமாத்தான் கசியும். வேகமும் பாதுகாப்பும் எதிரின்னு சொல்றவங்க இந்த ஒரு இடத்தைக் கொஞ்சம் யோசிக்கணும்.

யார் செய்யணும்? மாணவன் செய்யணும்னு சொல்றது சுலபம். நானே சில பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கேன்: ஏஐக்குன்னு தனி யூசர் கணக்கு உருவாக்கு, அதுக்கு ஒரே ஒரு ஃபோல்டர்ல படிக்கற உரிமை மட்டும் கொடு, எழுதறதுக்கு வேற ஒரு காலி ஃபோல்டர், முக்கியமானதெல்லாம் அந்தப் பக்கமே வேண்டாம், விண்டோஸ் டிஸ்க்கை என்க்ரிப்ட் பண்ணு, மீட்புச் சாவியைப் பேப்பர்ல எழுதி வை. பத்து பேர்ல ரெண்டு பேர் செஞ்சாங்க. மிச்ச எட்டு பேரைச் சோம்பேறின்னு சொல்ல எனக்கு மனசு வரலை. எச்சரிக்கைப் பெட்டி பெரும்பாலும் இங்கிலீஷ்ல வருது, நாலு வரி சட்ட பாஷை, கீழ ரெண்டு பொத்தான். முதல் தலைமுறையா கம்ப்யூட்டர் தொடற வீட்டுல அதை யார் படிச்சு முடிவு பண்றது?

2011 செப்டம்பர்ல தொடங்கின முதல் இலவச லேப்டாப் திட்டத்துலயும் பாஸ் லினக்ஸ் கூட வந்துச்சு. என்ன ஆச்சு? எப்படிப் பயன்படுத்தறதுன்னு சொல்லித் தர ஆள் இல்லாம, பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கடையில கொடுத்து அழிச்சுட்டு திருட்டு விண்டோஸ் போட்டுக்கிட்டவங்க எத்தனை பேர்னு நம்ம அண்ணன் அக்காகிட்டக் கேட்டாத் தெரியும். லினக்ஸ் மேல தப்பு இல்லை. பொட்டியைக் கொடுத்தவங்க அதோட வழக்கத்தைக் கொடுக்கலை. இந்தத் தடவை அதே கதை நடந்தா போறது வெறும் ஓஎஸ் இல்லை, கிளாஸ் ரெப் லேப்டாப்ல இருக்கற அறுபது பேர் சான்றிதழ்.

பாஸ் லினக்ஸை உருவாக்கறது சி-டாக், மத்திய அரசு நிறுவனம். லேப்டாப்பை டெண்டர் விட்டு வாங்கறது எல்காட், மாநில அரசு நிறுவனம். ரெண்டு பேருமே கூப்பிடு தூரத்துல இருக்காங்க. ரெண்டு ஓஎஸ்லயும் ஒரே இடத்துல தெரியற மாதிரி 'உதவியாளர்'னு ஒரு ஃபோல்டர், ஏஐ எந்த ஓஎஸ்ல ஓடினாலும் அதைத் தாண்ட முடியாதபடி கர்னல் மட்டத்துல பூட்டு, அழிக்கச் சொன்னா நேரா அழிக்காம குப்பைத்தொட்டிக்குப் போற ஏற்பாடு, இன்னிக்கு என்னென்ன ஃபைலைத் திறந்துச்சுன்னு தமிழ்ல ஒரு பக்கம். கூடுதலா ஒரு ஃபோல்டரைத் திறந்து விடணும்னா ரெண்டே அழுத்தத்துல முடியணும், ஒரு மணி நேரத்துல தானா மூடிக்கணும். இதுல எதுவும் புதுசா கண்டுபிடிக்க வேண்டியது இல்லை, இருக்கற வசதிகளைச் சேத்துக் கட்ட வேண்டியதுதான். டெண்டர்ல ராம் 8 ஜிபி, எஸ்எஸ்டி 256 ஜிபின்னு எழுதற பக்கத்துலயே இதுக்கும் நாலு வரி எழுத இடம் இருக்கு.